ஆறும் நேரம்

கேள்வி எண் நாற்பத்திரண்டு:
கோப்பையில் ஊற்றியபின்
எவ்வளவு நேரம் கழித்துக் குடிப்பீர்கள்?

ஊற்றியதும், என்றார் அராஸ்கெல்தி,
வேறெப்போது குடிப்பார்கள் என்ற முகத்தோடு.

வெப்பமானியை அவர் தேநீருக்குள் விட்டேன்.
எழுபத்தொன்று.
நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து
சர்க்கரைக் கட்டியைக் கடைவாயில் ஒதுக்கி
ஒரே மடக்கு.

துர்க்மென் சமவெளியில் ஆளுக்கொரு கெண்டி.
வந்தவர்க்கும் தனியாக ஒன்று.
ஒரே கெண்டியைப் பகிர்ந்து ஊற்றினால்
கஞ்சன் என்று ஊர் பேசும்.

புகையிலை? இல்லை.
அபின்? பல்வலிக்கு மட்டும்.
எத்தனை வருடமாகப் பல்வலி?
பதினெட்டு.
பழங்கள்? தர்பூசணிக் காலத்தில் தர்பூசணி.
குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய்?
விரல்களை மடக்கத் தொடங்கினார்.
அடுத்த கையையும் எடுத்தார்.
கட்டத்தில் 'ஆம்' என்பதற்கு மட்டுமே இடமிருந்தது.

நான்காம் வருடம் ரொட்டி நெஞ்சில் நின்றது.
ரொட்டிக்காரனை மாற்றினார்.
பிறகு சோறு நின்றது.
பிறகு ஆட்டுக்கறிச் சாறு மட்டும்
வழி கேட்டுக் கேட்டு இறங்கியது.

கோர்கான் நகரத்து மருத்துவமனையில்
இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு.
மார்பில் மையால் போட்ட சிலுவைக் குறிகளை
அழிக்காமல் குளிக்க வேண்டும்.
தொழுகைக்குப் போகையில்
சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டாராம்.
கடைசியில் கம்பிவலைக் குழாயொன்றை
உணவுக்குழாய்க்குள் விரித்தார்கள்.
ஒன்று மட்டும் சொல்லியனுப்பினார் மருத்துவர்:
எதையும் ஆறவிட்டுக் குடியுங்கள்.
அறுபத்து மூன்று வயதில்
முதன்முதலாக ஆறிய தேநீர்.
ஆடு கழுவிய தண்ணீர், என்றாராம்.

வருடத்துக்கொரு முறை தொலைபேசியில் அழைப்பது
என் வேலை.
திரையில் மூன்று கட்டங்கள்:
உயிருடன். மரணம். தொடர்பில் இல்லை.

முதல் வசந்தத்தில் ஒகுல்சோல்தான் எடுத்தாள்.
'அராஸ்கெல்தி ஆகா எப்படி இருக்கிறார்?'
'நன்றாக இருக்கிறார். கொன்பதுக்குப் போயிருக்கிறார்,
குதிரைப் பந்தயம் பார்க்க.'
உயிருடன்.

அடுத்த வசந்தத்தில்
பருத்தி பொறுக்கப் போயிருக்கிறார் என்றாள்.
இன்னும் விதைக்கவே இல்லை பருத்தி.
நானும் அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்தான்.
தெரிந்தே குறித்தேன்:
உயிருடன்.

பிழைத்தவர்களின் கோடு
அலுவலகச் சுவரில்
படிக்கட்டாகக் கீழே இறங்கும்.
ஒவ்வொரு படியும் ஒருவர்.
ஓரிடத்தில் மட்டும், எனக்குத் தெரியும்,
தரை கொஞ்சம் கூடுதலாக நீண்டிருந்தது.

மூன்றாம் வருடம் நேரிலேயே போனேன்.
கம்பளத்தில் மூன்று கெண்டிகள்.
அவளுடையது. என்னுடையது.
யாரும் உட்காராத பக்கம் ஒன்று.
என் கை பைக்குள் போவதைப் பார்த்து,
'அதை அளக்காதே, ஆறிவிட்டது' என்றாள்.

பனி கொட்டிய அந்த வாரம்.
வியாழக்கிழமை, விடிவதற்குள்.
நான் முதன்முறை அழைப்பதற்கு
இரண்டு மாதம் முன்பே.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
'நாற்பதாம் நாள் முடிந்து
எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.
என்னை எப்படி இருக்கிறாய் என்றார்கள்.
அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டவள்
நீ ஒருத்திதான்.
கெட்டுப்போகவா விடுவேன் அந்தக் கேள்வியை?'

மறுநாள் திருத்தம் எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு வருடப் பிழை, என்றார் மேலாளர் ஹூஷ்யார்.
கோட்டை மறுபடி வரைந்தார்கள்.
உரிய இடத்தில் ஒரு படி இறங்கியது.
அவ்வளவு சின்னப் படி.

ஆனால் அன்றைக்கு, அவள் வீட்டில்,
என் கெண்டியிலிருந்து ஊற்றித் தந்தாள்.
ஆவி கண்ணாடியை மறைத்தது.
ஏழு வருடம் எண்களோடு இருந்தவள்,
எத்தனை பாகைக்கு மேல் ஆபத்தென்று
வீடு வீடாய்ச் சொல்லி வந்தவள்,
வாங்கியதும் குடித்தேன்.
நாக்கு வெந்தது.

என்னிடம் யாரும்
கேள்வி எண் நாற்பத்திரண்டைக் கேட்டதில்லை.